அடுத்தடுத்த இரண்டு பெயர்கள்

"எழிலு, கேக்கா?" என்று இறக்கைக்குக் கீழேயிருந்து ஜெபராஜ் அண்ணன் கேட்டார். "கேக்குதுண்ணா" என்று எழிலரசன் முகமூடிக்குள்ளிருந்து சொன்னான். சொன்னது வெளியே போயிருக்காது என்று தோன்றவே முழங்கையால் அடித்தகட்டில் ஒரு தட்டுத் தட்டினான். விமானத்தின் இறக்கைக்குள்தான் எரிபொருள் டேங்க் இருக்கிறது. அதற்குள் ஒருவன் நுழைந்து வேலை பார்த்தால், நுழைந்த ஓட்டையின் அடியில் இன்னொருவன் காவல் நிற்க வேண்டும், அவ்வப்போது கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் ஆட்களைத் திரட்டி உள்ளே இருப்பவனை வெளியே எடுக்க வேண்டும். எரிபொருளை வடித்து, காற்றடித்து உலர்த்தி, ஆவியை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்புகிறார்கள் என்றாலும் மூலைகளில் ஆவி தங்கிவிடும், தலை கிறுகிறுக்கும், மயங்குகிறோம் என்பது மயங்குகிறவனுக்குத் தெரியாது, அதற்காகத்தான் வெளியே ஒரு குரல். மல்லாந்து கிடந்தான். மூக்குக்கு ஒரு சாண் மேலே இறக்கையின் மேல்தகடு, இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி தடுப்புகள், கால்மாட்டில் ஓட்டை வழியாக வரும் கொஞ்சம் வெளிச்சம், கையில் பிளாஸ்டிக் சுரண்டி. ஒரு ரிவெட் ஆணியின் தலையைச் சுற்றிப் பழைய சீலண்ட் பசை வெடித்துக் கசிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும், அவ்வளவுதான் வேலை. விமானங்களைப் பழுதுபார்க்கும் மீனம்பாக்கத்து ஹேங்கரில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. ஆனால் இதே நேரத்தில் அலுவலகக் கட்டடத்தின் மாடியில் சீனியாரிட்டிக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது, அவனுடைய பெயருக்கும் வெளியே நிற்கிறவருடைய பெயருக்கும் நடுவில் ஒரு கோடு போடுவதற்காக. கோட்டுக்கு மேலே இருப்பவர் சென்னையில் இருப்பார், கீழே இருப்பவர் நாக்பூர் போவார். இரண்டு பேரில் ஒருவர், அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் காலையிலிருந்து அவன் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறான். யாருக்கு முதலில் தோன்றியதோ இந்த ஜோடி போடும் வழக்கம். எழிலரசன் வேலைக்குச் சேர்ந்த பவழம் ஏர் கம்பெனியில் சீனியாரிட்டி வரிசையில் அடுத்தடுத்த பெயர்கள் இரண்டும் ஒரு ஜோடி, ஒருவர் லீவு போட்டால் அடுத்தவர் பார்த்துக்கொள்வார், ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் காவல். நல்ல வழக்கம்தான், பக்கத்துப் பெயர்க்காரன் எப்படி மூச்சு விடுவான் என்பதுகூட நாளாவட்டத்தில் தெரிந்துபோகும். பவழத்தை நார்த்லைன் வாங்கியது, இரண்டு கம்பெனியின் மெக்கானிக்குகளையும் ஒரே வரிசையில் கோத்தார்கள், ஆனால் ஜோடி வழக்கத்தை யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதனால் நீலச் சட்டை போட்ட பவழத்து எழிலரசனும் சாம்பல் சட்டை போட்ட நார்த்லைன் ஜெபராஜும், யாருடைய பெயர் மேலே என்று இரண்டு சங்கங்கள் அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு பேரும், ஒருத்தர் உயிரை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

சுரண்டி வழுக்கி விரலில் பட்டது. வலிக்கவில்லை, கையுறை கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், இல்லை. வழக்கு சுலபமானது, குழந்தைக்குக்கூடச் சொல்லிப் புரிய வைக்கலாம், மனைவி பொற்கொடிக்கு அப்படித்தான் சொன்னான். பவழத்தில் அவன் இரண்டு வருடம் பயிற்சியாளன், உதவித்தொகைக்கு வேலை. அந்த இரண்டு வருடத்தைச் சேர்த்து எண்ணினால் அவன் ஜெபராஜுக்கு மேலே. ஜெபராஜ் நார்த்லைனில் நிரந்தரம் ஆவதற்கு முன்னால் ஒப்பந்தக்காரரிடம் பல வருடம் இருந்தார், அதைச் சேர்த்து எண்ணினால் அவர் மேலே. இரண்டையும் எண்ணினாலும் அவர்தான் மேலே, இரண்டையும் எண்ணாவிட்டால் அவன் மேலே, ஆக அவன் ஜெயிக்க வேண்டுமென்றால் அவர் வேலை பார்த்த வருடங்கள் வேலையே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். இதைப் பொற்கொடியிடம் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "நாக்பூர்னா எவ்ளோ நாளுக்கு?" அவளுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, எங்கெங்கோ ஒப்பந்தத்தில் கிடந்து போன ஆடியில்தான் நிரந்தரம் ஆனது, அதை விட்டுவிட்டு வா என்று அவன் சொல்லப்போவதில்லை, அவளும் வரப்போவதில்லை. கல்யாணமான புதிதில் அவள் தர்மபுரியிலும் அவன் இங்கேயும் இருந்தார்கள், சனிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ், பஸ்ஸில் தூங்கித் தூங்கிக் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது என்று அவள் சிரிப்பாள். நாக்பூருக்கு அந்தச் சிரிப்பு போதாது. தவிர, நாக்பூர் ஹேங்கரை ஒரு வருடத்தில் மூடிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கோட்டுக்குக் கீழே போகிறவன் அங்கே போய் நிற்கப் போவதில்லை, அங்கிருந்தும் வழுக்கத்தான் போகிறான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அரக்கோணம் பக்கம் கல் குவாரியில் ஜல்லி உடைத்த மனிதர், மகன் ஏரோப்ளேனுக்கு வேலை செய்கிறான் என்பதோடு அவருக்குப் போதும். கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கத் தாசில்தார் ஆபீசுக்கு வந்தவர், வீட்டில் இதுவரை யாருமே படிக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றதும், "அதான் ஊருக்கே தெரியுமே, அத எதுக்குச் சார் எழுதணும்" என்றார். அங்கிருந்த குமாஸ்தா சிரித்தார். எழிலரசனுக்குக் காது சுட்டது. இப்போதும் அதை நினைத்தால் சுடுகிறது, அப்பாவைப் பார்த்துச் சிரித்ததற்கா, தானும் கூடச் சிரித்துவிட்டதற்கா தெரியவில்லை. "எழிலு." "சொல்லுங்கண்ணா." "உசுரோட இருக்கியான்னு கேட்டேன், வேற ஒண்ணுமில்ல." தட்டினான்.

ஓட்டுப் போட்ட நாள் இந்த டேங்க் மாதிரி புழுக்கமாக இருந்தது. இணைப்புக்குப் பிறகு ஒரே சங்கம்தான் பேசலாம் என்று தேர்தல். நார்த்லைன் சங்கம் ஜெயிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவர்கள் ஆள் நான்கு மடங்கு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினால் தோற்ற சங்கத்துக்கும் கமிட்டியில் ஒரு நாற்காலி உண்டு என்று இருந்தது. பவழத்துச் சங்கச் செயலாளர் தேவநாதன் ஒவ்வொருவராகப் பிடித்து, "தோழர், ஜெயிக்கிறதுக்குக் கேக்கல, உள்ள ஒரு நாற்காலி போடறதுக்குக் கேக்கறேன்" என்றார். தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுவார், ஹேங்கர் தூசியில் முப்பது வருடம் கத்திய தொண்டை. எழிலரசன் தலையாட்டினான். திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டைக் கையில் வாங்கியதும் அவனுக்குள் படித்தவன் விழித்துக்கொண்டான். எப்படியும் ஆளப்போகிறவர்கள் இவர்கள், இவர்களோடு சேர்ந்தால்தான் நம் கதையைக் கேட்பார்கள், தோற்கிற பக்கம் நின்று என்ன பிரயோஜனம் என்று ஒரு கணக்குப் போட்டான், நார்த்லைன் சின்னத்தில் குத்தினான். குத்திவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான் உறைத்தது, இது ரகசிய ஓட்டு, அவன் யாருக்குப் போட்டான் என்று யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாமல் கட்சி மாறினால் யார் வந்து கதையைக் கேட்பார்கள். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எவனும் செய்திருக்க மாட்டான் என்று அன்றைக்கு நினைத்தான். எண்ணி முடித்தபோது பவழத்துச் சங்கத்துக்கு நாற்காலிக்கு மூன்று ஓட்டுக் குறைந்தது. மூன்று. அப்படியானால் இன்னும் இரண்டு புத்திசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று ஹேங்கரில் முகம் முகமாகப் பார்த்துத் தேடினான், தேடுகிற கண்ணை வைத்தே தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நிறுத்திக்கொண்டான். ஒருவேளை மூன்றுபேர் இல்லாமல் பத்துப்பேர் இருக்கலாம். ஒருவேளை அவன் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் இரண்டு குறைந்திருக்கும், ஒன்றும் மாறியிருக்காது, இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கொஞ்சம் மூச்சு வாங்கும், உடனே, மாறியிருக்காதுதான், ஆனால் நீ போட்டாய் என்று மறுபடி கவ்விக்கொள்ளும். இன்றைக்கு மாடியில் அவனுக்காகப் பேச வேண்டியது நார்த்லைன் சங்கம், அவனுடைய சந்தா இப்போது அவர்களுக்குத்தான் போகிறது. அவனுக்கு எதிராகப் பேசுவதும் அதே சங்கம்தான், ஜெபராஜ் அவர்களுடைய பழைய ஆள். ஒரே வாயால் இரண்டு பேருக்கும் பேசுவார்கள், எந்தப் பக்கம் சத்தமாகப் பேசுவார்கள் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. தேவநாதனைச் சுவரோரம் நிற்க அனுமதித்திருக்கிறார்கள், பார்வையாளர். காலையில் படியேறும்போது அவர் எழிலரசனைப் பார்த்து, "கவலப்படாத தோழர், வாயிருக்கு" என்றார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய ஷூவைப் பார்த்தான். இடது ஷூ முன்னால் வாய் பிளந்திருந்தது.

துடைத்த இடத்தில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. சீலண்டை எடுத்து ரிவெட்டின் தலையைச் சுற்றி வைத்தான், வட்டமாக, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல். அந்த வாடை அவனுக்குப் பிடிக்கும், அழுகிய முட்டைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு வாடை, முகமூடியைத் தாண்டியும் வரும். வாடை வருகிறதென்றால் ஆவியும் வருகிறதோ. வெளியே கூப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது. கடைசியாக உசுரோட இருக்கியா என்று கேட்டார், அதற்குப் பிறகு கூப்பிட்டாரா, கூப்பிட்டு இவன் ஓட்டு நினைப்பில் கேட்காமல் இருந்தானா. அப்படியானால் அவர் ஆட்களைக் கூட்டியிருப்பார். கூட்டவில்லை. அப்படியானால் கூப்பிடவில்லை. போன வாரம் ஜெபராஜ் உள்ளேயும் இவன் வெளியேயும் இருந்தார்கள். கூப்பிட வேண்டிய நேரம் வந்தது, வாயைத் திறந்தான், திறந்த வாயில் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது: இந்த மனிதர் இல்லையென்றால் கமிட்டியும் வேண்டாம், கோடும் வேண்டாம். அவ்வளவுதான், ஈ வந்து உட்கார்ந்து பறப்பது மாதிரி. உடனே கூப்பிட்டான், அவரும் உள்ளேயிருந்து, "ஏல, கத்தாத, காது கேக்கும்" என்றார். ஆனால் ஈ உட்கார்ந்த இடம் கையில் கொஞ்ச நேரம் அரிக்குமே, அது மாதிரி அன்றைக்கு முழுவதும் அரித்தது. அவனுக்கு வந்தது அவருக்கு வராதா. அவனாவது நேற்றுப் பையன், அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, பெண் பிளஸ் டூ படிக்கிறாள், ஒப்பந்தத்தில் கிடந்த வருடங்களில் ஒரு தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகவில்லை என்று ஒருமுறை சொன்னார், அவருக்கு வர அவனைவிட நியாயம் அதிகம். கால்மாட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று தலையைத் தூக்கினான், நெற்றி மேல்தகட்டில் இடித்தது. வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்தில் அவருடைய நிழல் இல்லை. முழங்கையைத் தூக்கித் தட்டப் போனவன் நிறுத்தினான், கூப்பிடாமலே தட்டினால் பயந்துவிட்டான் என்று ஆகும், டேங்க்குக்குள் பயந்தவன் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அது வரிசையைவிட மோசம், எந்தக் கமிட்டியும் அதை அழிக்க முடியாது. இதை நினைத்துக்கொண்டே தன்னுடைய மூச்சை எண்ணினான். எண்ணிக்கை தவறியது, மறுபடி ஆரம்பித்தான். அப்போது தூரத்தில் ஷூ சத்தம் கேட்டது, ஹேங்கரின் சிமெண்டுத் தரையில் நடந்து வந்து இறக்கைக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு குரல்கள், ஒன்று ஜெபராஜ், இன்னொன்று யாரென்று தெரியவில்லை, தகட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாக் குரலும் தண்ணீருக்குள் பேசுவது மாதிரிதான். சொற்கள் வரவில்லை. கொஞ்சம் பேச்சு, நின்று மறுபடி கொஞ்சம் பேச்சு. ஷூ சத்தம் திரும்பிப் போனது, வந்ததைவிட மெதுவாக.

"எழிலரசா." முழுப் பெயர். ஜோடி சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் அந்த வாயிலிருந்து முழுப் பெயர் வந்ததே இல்லை, எழிலு, ஏல, என்னடே, கோபம் வந்தால் பட்டதாரி, இவ்வளவுதான். "எழிலரசா, கேக்கா?" "கேக்குதுண்ணா." தட்டவும் தட்டினான். ஏன் முழுப் பெயர். ஜெயித்தவனுக்குத் தோற்றவன் மேல் மரியாதை வரும், அதனால் இருக்கலாம். தோற்றவனுக்கும் ஜெயித்தவன் மேல் மரியாதை வரும், இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு தூரம், அதனாலும் இருக்கலாம். குரல் தாழ்ந்திருந்ததா, உயர்ந்திருந்ததா. தாழ்ந்திருந்தது. துக்கமா, இரக்கமா, இந்த இரண்டுக்கும் குரலில் வித்தியாசம் தெரியாதா என்ன, பொற்கொடி கூப்பிட்டால் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும், இந்த மனிதரிடம் தெரியவில்லை, மூன்று மாதம் போதவில்லை. "அண்ணா, யாரு வந்தது?" "யாரும் இல்ல." "பேச்சு கேட்டுச்சே." "வேலையப் பாருடே." டே வந்துவிட்டது, அப்படியானால் ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக வந்த டே. "மேல முடிஞ்சிருச்சாண்ணா?" என்று கேட்டு மறுபடி தட்டினான். "அண்ணா." "உள்ள கெடக்கவன்ட்ட சேதி சொல்லக்கூடாது. நல்லதா இருந்தாலும் துள்ளுவான், கெட்டதா இருந்தாலும் துள்ளுவான், மண்டையில இடிப்பான். எங்க ஹேங்கர்ல அப்படித்தான் பழகியிருக்கோம். முடிச்சிட்டு வா, சொல்லுதேன்." "ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க." "என்ன கேள்விக்குடே ஆமா?" எழிலரசனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வரவில்லை. நான் ஜெயித்தேனா என்று கேட்பதும் நீங்கள் தோற்றீர்களா என்று கேட்பதும் ஒன்றுதான். சீலண்ட்டின் விளிம்பை விரலால் அழுத்தி வழித்தான். வழித்தது நன்றாக வந்தது, கோணலில்லாமல், இனி இதில் செய்ய ஒன்றுமில்லை. இருந்தாலும் டார்ச்சை அணைத்துப் போட்டுப் பார்த்தான், பக்கத்து ரிவெட்டைப் பார்த்தான், அதற்கடுத்த ரிவெட்டையும் பார்த்தான், எல்லாம் அசையாமல் இருந்தன, யாரோ ஒருவர் என்றைக்கோ பூசிய சீலண்ட், அவர் இப்போது எந்த வரிசையில் இருக்கிறாரோ. இங்கே கிடக்கிற வரைக்கும் அவன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பொற்கொடி செங்கல்பட்டு வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், டிபனுக்கு இட்லியா கிச்சடியா என்று சாயங்காலம் போனில் கேட்பாள், இதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது. "முடிஞ்சிருச்சாடே?" "இன்னும் கொஞ்சம்." "மீட்டரு ஏறுது. வா."

கால் முதலில் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் போல ஜெபராஜ் அண்ணன் கணுக்காலைப் பிடித்து ஸ்டாண்டின் படியில் வைத்துவிட்டார். இடுப்பு வந்தது, முதுகு ஓட்டையின் விளிம்பில் உரசியது, தலையைக் குனிந்து இறங்கி முகமூடியைக் கழற்றினான், ஹேங்கரின் காற்று ஐஸ் மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது, அவருடைய முகம் சரியாகத் தெரியவில்லை, அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. "ஒப்பந்த வருசத்த எண்ணிட்டானுவ" என்றார் அவர். "பயிற்சிய எண்ணல." பின்னால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. "உனக்கு நாக்பூரு. அடுத்த மாசம்." எழிலரசன் கையுறையைக் கழற்றினான், ஒரு விரல் மாட்டிக்கொண்டது, இழுத்தான். "நல்லதுண்ணா" என்றான். எதற்கு அப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை, ஆனால் அது பொய்யுமில்லை, அவர் உழைத்த வருடங்களை உழைப்பு என்று கடைசியில் யாரோ ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வருத்தம் முழுவதும் வேறெங்கோ இருந்தது, எங்கே என்று இப்போது தேட முடியவில்லை. "தேவநாதன்தான் வந்தாரு" என்றார் ஜெபராஜ். "உன்ட்ட அவரே சொல்லணும்னு நின்னாரு. உள்ள கெடக்கான், போயிட்டு அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன். மனுசன் மேல கெடந்து கத்தியிருக்காரு. பயிற்சிப் பையன் தொட்ட போல்ட்டுலதானய்யா ப்ளேன் பறந்துச்சு, ப்ளேன் பறந்தது வேல, பையன் செஞ்சது வேல இல்லியான்னு கேட்டிருக்காரு. நாற்காலி இல்லாதவரு பேசக்கூடாதுன்னு வெளிய அனுப்பிட்டானுவ. நாற்காலி இருந்திருந்தா பேச்சப் பதிஞ்சிருப்பாவ, மேல்முறையீட்டுக்காவது போயிருக்கலாம்னாரு. மூணு ஓட்டுடே. எந்த நாசமாப் போனவன்னு தெரியல, உங்க ஆளுவள்ளயே மூணு பேரு." எழிலரசன் தரையைப் பார்த்தான். கம்ப்ரசர் நின்றது. "உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்ல" என்றான், கொஞ்சம் கெட்டதாகவே வந்தது. "இருக்கு" என்றார் அவர். "இல்லன்னு சொன்னா நீ நம்பவா போற." பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வை அவ்வளவு இல்லை. "தள்ளு. நீ பூசினத நான் பாக்கணும்ல."

அதுதான் அடுத்த வேலை, ஒருவன் பூசியதை இன்னொருவன் போய்ப் பார்க்காமல் டேங்க்கை மூட முடியாது. ஜெபராஜ் முகமூடியை மாட்டிக்கொண்டார், பருத்தி உடுப்பின் கைகளை இறக்கிவிட்டார், ஸ்டாண்டில் ஏறினார், தலையை ஓட்டைக்குள் விட்டுத் தோளைக் கோணலாக்கி உள்ளே போனார், தொந்தி ஒரு கணம் சிக்கியது, அப்புறம் போய்விட்டது. சாம்பல் நிற பேன்ட்டின் கீழ்ப்பகுதி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, அதுவும் போனது. எழிலரசன் அடியில் நின்றான். மீட்டரைப் பார்த்தான், ஏறியது மறுபடி இறங்கியிருந்தது. அடுத்த மாதம் என்றால் தை, பொற்கொடி தைக்கு அம்மா வீட்டுக்குப் போக லீவு கேட்டிருந்தாள், அதை மாற்றச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றால் இன்றைக்கே சொல்ல வேண்டும், போனில் சொல்வதா, போய்ச் சொல்வதா, போய்ச் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், போனில் சொன்னால் அவள் ஒன்றும் பேசாமல் இருப்பதைக் கேட்க வேண்டும். தேவநாதன் கீழே எங்காவது டீக்கடையில் நிற்பார், அவர் வந்து தோளில் கை வைப்பார், அதை எப்படித் தாங்குவது. சொல்லிவிடலாமா, நான்தான் தோழர் அந்த மூன்றில் ஒருத்தன் என்று. சொன்னால் அவர் தொண்டையைச் செருமுவார். அதற்குப் பிறகு என்ன சொல்வார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, செருமல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நாக்பூரில் குளிருமாம். அப்பாவிடம் பெரிய ஹேங்கர் என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் ஊரில் போய்ச் சொல்லிக்கொள்வார். மேலே உள்ளே ஏதோ உரசியது, டார்ச்சாக இருக்கும். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தான். போன வாரத்து ஈ வரவில்லை, இப்போது அதற்கு இங்கே வேலை இல்லை, கோடு போட்டாயிற்று, இனிமேல் உள்ளே இருப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் போகத்தான் போகிறான். அது தெரிந்தபோது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். கூப்பிட வரவில்லை. மறுபடி முயன்றான், அண்ணா என்கிற சொல்லின் ஆரம்பம் மட்டும் காற்றாக வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஹேங்கரின் அந்தக் கோடியில் யாரோ இரும்பை இழுத்துக்கொண்டு போனார்கள். "எழிலு" என்று இறக்கைக்குள்ளிருந்து குரல் வந்தது. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவனைக் கூப்பிடும் வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. "எழிலு, நிக்கியா?" நிற்கிறேன் என்று சொன்னான், சொன்னதாகத்தான் நினைத்தான், ஆனால் உள்ளே ஒரு கால் அவசரமாகத் தகட்டில் உரசும் சத்தம் கேட்டது, திரும்ப இடமில்லாத இடத்தில் ஒருவர் திரும்ப முயலும் சத்தம். எழிலரசன் ஸ்டாண்டின் முதல் படியில் ஏறினான், ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். "இங்கதாண்ணா இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னான்.